குதிகால் கோடு

கடையில் விற்கிற கிராஃப் தாளை நம்பாதீர்கள். பதினோரு கடைகளின் தாள்களை நான் எஃகு ஸ்கேல் வைத்து அளந்து பார்த்திருக்கிறேன். பத்து சென்டிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் எதிலும் பத்து இல்லை. ஒன்றில் அரை மில்லி குறையும், இன்னொன்றில் அரை மில்லி கூடும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கோடு போட்டு மதிப்பெண் வாங்க அது போதும். நான் ஷூ செய்கிறவன், எனக்குப் போதாது.

என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் என் வாசலுக்கு வர முடியாதவர்கள். ஒருவருக்கு ஒரு கால் குட்டை, ஒருவருக்கு விரல்கள் மடங்கிப் போயிருக்கும், இன்னொருவருக்குக் கணுக்கால் வீக்கம் வற்றவே வற்றாது. கடையில் அடுக்கி வைத்திருக்கும் எந்த ஜோடியும் அவர்களுக்குச் சேராது. அவர்கள் வீட்டிலேயே காலைத் தாளில் வைத்து வரைந்து, போனில் படம் எடுத்து அனுப்புவார்கள். போனைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாலும் படத்தில் கால் நீளும், இல்லையென்றால் குறுகும். ஆனால் காலுக்கு அடியில் கட்டங்கள் இருந்தால் அவையும் காலோடு சேர்ந்துதானே நீளும், குறுகும்? குதிகாலிலிருந்து பெருவிரல் வரை எத்தனை கட்டம், அகலமான இடத்தில் எத்தனை கட்டம் என்று எண்ணி, என்னிடம் இருக்கும் அதே தாளில் மறுபடி வரைந்துகொண்டால் கால் என் மேஜைக்கு வந்துவிடும். அதற்காகத்தான் நானே வீட்டில் தாள் தயாரிக்க ஆரம்பித்தேன்.

சொல்வது சுலபம். முதலில் கம்ப்யூட்டரில் அட்டவணை போடுகிற மென்பொருளில் முயன்றேன். அது அகலத்தை ஒரு கணக்கில் சொல்லும், உயரத்தை வேறொரு கணக்கில் சொல்லும். சதுரம் என்று நினைத்து அச்சடித்தால் செங்கல் செங்கலாக வந்தது. பிறகு படம் வரைகிற மென்பொருள் ஒன்றைப் பிடித்து, மில்லிக்கு ஒரு மெல்லிய கோடு, ஐந்துக்கு ஒன்று சற்றுத் தடிமன், பத்துக்கு ஓர் எண் என்று மூன்று வாரம் உட்கார்ந்து போட்டேன். கோடுகளுக்கு வெளிறிய பச்சை. அப்போதுதான் பேனாவால் வரைந்த கால் படத்தில் தனியாகத் தெரியும். தாளின் கீழ்ப்பக்கம் அழுத்தமாக ஒரு கறுப்புக் கோடு, அதுதான் குதிகால் கோடு. தாளை அந்தக் கோட்டில் மடித்து, மடிப்பைச் சுவரோரம் ஒட்டி வைத்து, குதிகால் சுவரில் பட நிற்க வேண்டும். அச்சு இயந்திரம் தாளை இழுக்கும்போது இருநூறு மில்லிக்கு ஒரு மில்லி வழுக்குவதைக் கண்டுபிடித்து, அந்த ஒரு மில்லியையும் கோப்பிலேயே கூட்டிச் சரிசெய்தேன். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டின் முன்னறையில் ஷூவின் மேல்பக்கத் தோலைத் தைத்துக்கொண்டிருந்த அக்காவிடம் ஓடிப் போய்த் தாளைக் காட்டினேன். அக்கா தையல் மிஷினிலிருந்து காலை எடுக்காமலே பார்த்தாள்.

“வெறும் தாள்டா. என்னமோ புள்ள பொறந்த மாதிரி தூக்கிட்டு வர்ற.”

பிள்ளை பிறந்து ஏழு வருடம் ஆகியிருந்தது அப்போது. என் மகளை நாங்கள் வாலு என்றுதான் கூப்பிடுவோம். அந்தப் பெயரைப் பார்த்தே அவள் குணத்தை நீங்கள் தெரிந்துகொள்ளலாம். எனக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: மில்லிமீட்டர். வாலுவின் அம்மா வைத்தது. கல்யாணமான புதிதில் செல்லமாகக் கூப்பிட்டாள். பின்னால் அதே பெயரைப் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். அவள்மேல் முழுப் பழியையும் போட மாட்டேன். அலமாரிக் கதவு சரியாகச் சாத்தவில்லை, பாத்திரம் தன் இடத்தில் இல்லை, எட்டு மணி என்றால் எட்டு மணி என்று ஒருவன் நாள் முழுக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு திரிந்தால், அவனோடு யார் குடித்தனம் நடத்துவார்கள்? எனக்குக் கோபம் வேறு மூக்கு நுனியில் இருக்கும். அவள் வேலை மாற்றிக்கொண்டு, பஸ்ஸில் பதினாறு மணி நேரம் போக வேண்டிய ஓர் ஊருக்கு வாலுவையும் அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

போவதற்கு முந்தின நாள் வாலுவை ஸ்டூலில் உட்கார வைத்துக் காலை என் கையால் அளந்தேன். நூற்றுத் தொண்ணூறு மில்லி. பென்சிலால் பாதத்தைச் சுற்றி வரையும்போது அவளுக்குக் கூசும், கட்டைவிரலை மடக்கிக்கொண்டு நெளிவாள். “அசையாத” என்று அதட்டினேன். அன்றைக்குக்கூட அதட்டத்தான் செய்தேன் என்பது இப்போதும் என்னை உறுத்துகிறது.

மூன்றாம் மாதம் பார்க்கப் போனேன். பதினாறு மணி நேரப் பயணம், கையில் ஒரு பை நிறைய பொம்மை. கதவைத் திறந்த வாலு என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். உள்ளே நுழைந்ததும் எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடி கண்ணில் பட்டது. கோணலாக இருந்தது. வாயையும் கையையும் மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நான் போய் அதை நேராக்கினேன். “இது என் வீடு” என்றாள் வாலுவின் அம்மா. அதற்கு நான் ஒன்று சொல்ல, அவள் ஒன்று சொல்ல, ஐந்தே நிமிடத்தில் இருவரும் கத்திக்கொண்டிருந்தோம். வாலு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். எங்கள் குரல் கேட்காமல் இருக்கக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். தண்ணீர் கொட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனில் அவள் சொன்னாள்: “அப்பா, நீ இங்க வர வேணாம். ரெண்டு பேரும் கத்துறீங்க. ஷூ மட்டும் அனுப்பு.”

சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? அவளாக “வா” என்று சொல்கிற வரைக்கும் போவதில்லை என்று முடிவு செய்தேன். ஞாயிறு தவறாமல் பேசினோம். போன் திரையில் முகம் தெரியும். உள்ளங்கை அளவுத் திரையில் தெரிகிற முகத்தை வைத்துப் பிள்ளை எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தாள்தான் எனக்கு வழி. நான்கு மாதத்துக்கு ஒருமுறை கோப்பை அனுப்புவேன். அவள் அம்மா வீட்டிலேயே அச்சடித்துக் கொடுப்பாள். வாலு சுவரோரம் நின்று தானே குனிந்து கால் வரைந்து படம் அனுப்புவாள். ஓரத்தில் ஒரு பூனையையும் வரைந்திருப்பாள்.

முதல் படம் வந்தபோது கட்டத்தை எண்ணினேன். மறுபடி எண்ணினேன். இருநூற்று மூன்று. நான்கே மாதத்தில் பதிமூன்று மில்லி.

“பாத்தியாக்கா,” என்றேன். “எங்கிட்டேருந்து போனதும் கால் எப்படி வளருது பார்.”

“நாலு மாசத்துல பதிமூணா? அது காலா, பூசணிக் கொடியா? சரியா எண்ணினியா?”

எண்ணத் தெரியாதவன் என்று என்னைப் பார்த்து யாராவது சொல்லிவிட்டால் அவ்வளவுதான், அக்காவிடம் அன்று முழுக்கப் பேசவில்லை. அக்கா கேட்டது நியாயமான கேள்வி. எந்தப் பிள்ளைக்கும் கால் அந்த வேகத்தில் வளராது, அது எனக்கே தெரியும். இருபது வருடமாகக் கால்களைப் பார்த்தே சோறு தின்கிறவன் நான். ஆனாலும் நம்பினேன். என் சத்தம் இல்லாத வீட்டில் பிள்ளை நிம்மதியாகச் சாப்பிடுகிறாள், நிம்மதியாகத் தூங்குகிறாள், அதனால்தான் மளமளவென்று வளர்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. சந்தோஷப்படவும் முடியவில்லை.

அவளுடைய அளவுக்கு ஒரு ஜோடி மரக்கட்டை தனியாக வைத்திருந்தேன். கால் வடிவத்தில் செதுக்கிய அந்தக் கட்டையின் மேல்தான் தோலை இழுத்து ஷூ செய்வோம். ஒவ்வொரு முறையும் புதுப் படம் வந்ததும், கட்டையின் நுனியிலும் பக்கவாட்டிலும் தோல் துண்டுகளை ஒட்டி, சீவி, அவள் காலைப் பெரிதாக்குவேன். வேலை முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் அந்தக் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சில்லென்று இருக்கும். அக்கா அதைப் பார்த்தும் பார்க்காததுபோல மிஷினை வேகமாக மிதிப்பாள். இப்படி இரண்டு வருடம், ஐந்து ஜோடி.

ஷூ போய்ச் சேர்ந்ததும் கேட்பேன். “நுனியில கட்டைவிரலால அமுக்கிப் பாரு. ஒரு விரல் இடம் இருக்கா?”

“இருக்குப்பா.”

“பின்னாடி குதிகால் கழலுதா?”

“இல்லப்பா. சரியா இருக்கு.”

ஒவ்வொரு முறையும் அதே பதில், சரியா இருக்கு. அந்த வார்த்தைக்காகவே அடுத்த நான்கு மாதம் காத்திருப்பேன்.

ஆறாவது ஜோடி கட்டையில் இருக்கும்போதுதான் நில அளவையரின் பார்சல் திரும்பி வந்தது. அவர் புது வாடிக்கையாளர், இடது கால் தட்டைப் பாதம். நான் அனுப்பிய கோப்பை வீட்டில் அச்சடித்து, அந்தத் தாளில் கால் வரைந்து அனுப்பியிருந்தார், நானும் தைத்து அனுப்பியிருந்தேன். ஷூவோடு ஒரு துண்டுச் சீட்டு: ‘இரண்டு காலும் உள்ளே நீச்சலடிக்கின்றன.’ எனக்கு ரத்தம் கொதித்தது. இதற்கு முன்னாலும் தூரத்து ஆட்கள் நாலைந்து பேர் ‘கொஞ்சம் லூஸ்’ என்று சொன்னதுண்டு. தடிமனான சாக்ஸ் போடுங்கள் என்று அடித்துச் சொல்லி அவர்கள் வாயை அடைத்திருக்கிறேன். இவருக்கும் அதையே சொல்லலாம் என்று போன் போட்டேன்.

“சாக்ஸா?” என்றார் அவர். “ஏங்க, நான் முப்பது வருஷமா நிலம் அளக்கிறவன். உங்க தாள் மேல ஸ்கேல் வெச்சுப் பாத்தீங்களா?”

“நான் போட்ட தாள் சார் அது. ஒரு மில்லி வழுக்கினதையும் சரிபண்ணிப் போட்ட தாள்.”

“உங்க வீட்டுல சரியா இருக்கும். எங்க வீட்டுல நூறு மில்லின்னு போட்டிருக்கிற எடத்துல தொண்ணூத்தாறுதான் இருக்கு. அச்சடிக்கும்போது தாளுக்குத் தகுந்த மாதிரி சுருக்கணும்னு ஒரு டிக் தானா விழுந்திருக்கும். அதை எடுத்துட்டுத்தான் அடிக்கணும். நீங்க எங்கயும் எழுதலையே?”

எழுதவில்லைதான். என் வீட்டு இயந்திரத்தில் அந்த டிக்கை முதல் நாளே எடுத்துவிட்டு மறந்தும் போயிருந்தேன். உலகத்தில் எல்லோருடைய இயந்திரமும் என் இயந்திரம் மாதிரியே நடந்துகொள்ளும் என்று நினைத்துவிட்டேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், வேறு ஜோடி தைத்துத் தருவதாகச் சொன்னேன். போனை வைத்த பிறகுதான் என் மகளின் தாள் நினைவுக்கு வந்தது. வாலுவின் அம்மா அந்த டிக்கை எடுத்திருப்பாளா?

ஞாயிறு வரை பொறுக்க முடியவில்லை. மறுநாள் சாயங்காலமே கூப்பிட்டேன்.

“வாலு, கடைசியா கால் வரைஞ்ச தாள் இருக்கா? ஒரு ஸ்கேலும் எடுத்துட்டு வா.”

“எதுக்கு?”

“சும்மா, ஒரு விளையாட்டு.”

விளையாட்டு என்று நான் சொன்னதே அவளுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டும். மெதுவாகத்தான் எடுத்துக்கொண்டு வந்தாள்.

“குதிகால் கோட்டுலேருந்து நூறுன்னு போட்டிருக்கிற கோடு வரைக்கும் அள. எவ்ளோ வருது?”

அவள் தாள்மேல் குனிந்தாள். உச்சந்தலை வகிடு மட்டும் தெரிந்தது. “ஒம்பது சென்டிமீட்டர்,” என்றாள். பிறகு சின்னக் குரலில், “ஆறு மில்லி.”

முதல் படத்தில் இருநூற்று மூன்று என்று நான் எண்ணியது நிஜத்தில் நூற்றுத் தொண்ணூற்றைந்து. அவ்வளவுதான். ஐந்து ஜோடியும் ஒரு சைஸுக்கு மேல் பெரிது.

“அப்போ ஷூ எல்லாம் பெருசாத்தானே இருந்திருக்கும்?”

“இல்லையே. சரியாத்தான் இருக்கு.”

“வாலு. உண்மையச் சொல்லு.”

“நுனியில காகிதம் வெச்சா சரியா இருக்கும்ப்பா.”

“என்ன காகிதம்?”

“நீ அனுப்புற தாள்தான். அம்மா ரெண்டு மூணு அடிப்பாங்க, மிச்சம் இருக்கும். அதைக் கசக்கி வெச்சுக்குவேன்.”

“ரெண்டு வருஷமாவா? ஏன்டா எங்கிட்ட சொல்லல?”

அவள் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். வாயைப் போனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். “அம்மாதான பிரிண்ட் போடுறாங்க. சொன்னா நீ அம்மாவக் கத்துவ.”

அதற்குள் அவள் அம்மா வந்து போனைக் கையில் வாங்கிக்கொண்டாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்று முகத்திலேயே தெரிந்தது. சண்டைக்குத் தயாராக நின்றாள்.

“என்ன ஆச்சு? சொல்லுங்க. நான் என்ன தப்பு பண்ணிட்டேன் இப்போ?”

ஒரு டிக் எடுக்கத் தெரியாதா உனக்கு, அதுகூடவா நான் சொல்லித்தரணும் — இந்த வாக்கியம் முழுசாக என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. இரண்டு வருட ஏக்கமும் சேர்ந்து கோபமாக ஏறிக்கொண்டு வந்தது. அந்த நேரத்தில் அவளுக்குப் பின்னால் குளியலறைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. குழாய் திறக்கிற சத்தம் கேட்டது.

“தப்பு என்னோடது,” என்றேன்.

“என்னது?”

“தாள்ல ஒரு வரி எழுதியிருக்கணும், சுருக்காம அடிக்கணும்னு. நான் எழுதல. உனக்கு எப்படித் தெரியும்? ரெண்டு வருஷமா புள்ள பெரிய ஷூவுல நடந்திருக்கா. அதுக்கு நான்தான் காரணம். நீ இல்ல.”

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். பன்னிரண்டு வருடத்தில் இந்த வார்த்தையை என் வாயிலிருந்து அவள் கேட்டதில்லை. கேலி செய்கிறேனோ என்று நினைத்திருப்பாள்.

“உடம்புக்கு ஒண்ணும் இல்லையே உங்களுக்கு?” என்றாள்.

“இல்ல. நல்லாத்தான் இருக்கேன்.”

அவள் போனை எடுத்துக்கொண்டு நடந்தாள். திரையில் தரை, சுவர், மேஜைக்கால் என்று மாறி மாறி ஓடியது. கதவைத் தட்டினாள். “வெளிய வா. யாரும் கத்தல.” தண்ணீர் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது.

வாலுவின் முகம் திரைக்குள் வந்தது. முன்முடி ஈரமாக ஒட்டியிருந்தது.

“அப்பா, அடுத்த ஷூவுக்கு நீ தாள் அனுப்ப வேணாம்.”

இருந்த ஒரே நூலும் அறுந்தது என்று நினைத்தேன். “ஏன்டா?” என்று கேட்டேன்.

“நீயே வந்து அள.”

அவள் அம்மா என்ன சொல்கிறாள் என்று பார்த்தேன். அவள் முகம் திரையில் இல்லை. குரல் மட்டும் வந்தது. “வெள்ளிக்கெழமை வந்தா ரெண்டு நாள் லீவு இருக்கு அவளுக்கு.”

செய்தியைச் சொன்னதும் அக்கா மிஷினை நிறுத்தினாள். “போய்க் கண்ணாடி, கதவுன்னு எதையாவது அளந்துட்டு நிக்காத. வெச்சிருக்கிற வாயையும் ஸ்கேலையும் பைக்குள்ளயே வெச்சிக்க,” என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். அவளும் இரண்டு வருடமாகப் பிள்ளையைப் பார்க்கவில்லை. தான் தைத்த சிவப்புத் துணிப்பை ஒன்றை என் பெட்டிக்குள் திணித்தாள்.

வெள்ளிக்கிழமை அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது சுவர்ப் பக்கம் திரும்பவே இல்லை. நேராகத் தரையைப் பார்த்தே நடந்தேன். வாலுவின் அம்மா அதைக் கவனித்துவிட்டு உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். தண்ணீர் கொடுத்தாள். “நான் கடைக்குப் போய்ட்டு வரேன்,” என்று எங்களைத் தனியாக விட்டுவிட்டுப் போனாள்.

வாலு வந்து சுவரில் சாய்ந்து நின்றாள். நான் நினைத்ததைவிடக் குட்டையாக இருந்தாள். இவள்தானா என்று ஒரு கணம் திகைத்தேன். கட்டம் கூட இல்லாத வெள்ளைத் தாளைத் தரையில் விரித்து, மண்டி போட்டு உட்கார்ந்து, அவள் வலது காலைத் தூக்கித் தாளில் வைத்தேன். சூடாக இருந்தது. பென்சிலை நிமிர்த்திப் பிடித்துக் குதிகாலிலிருந்து சுற்றி வந்தேன். அவளுக்கு இன்னும் கூசியது, கட்டைவிரலை மடக்கினாள். நான் அதட்டவில்லை, அது தானாக நிமிரும்வரை காத்திருந்தேன். பிறகு ஸ்கேலை வைத்தேன். இருநூற்றொன்பது.

என் மேஜையில் இருக்கும் கட்டை இருநூற்றுப் பதினெட்டு. இரண்டு வருடமாக நான் ராத்திரி பகலாக ஏங்கியது அந்த இருநூற்றுப் பதினெட்டு மில்லிக்காரிக்காக. எனக்குத் தெரியாமலே வளர்ந்து, எனக்குத் தெரியாமலே ஒருநாள் பெரியவளாகிவிடப் போகிறவள் என்று நினைத்து நினைத்துப் பயந்தேன். இவள் அவளைவிடச் சின்னவள். நான் பயந்த அளவுக்கு என்னை விட்டு வளர்ந்து போய்விடவில்லை. இன்னும் இருக்கிறாள், என் ஒரு கைக்குள் அடங்குகிற பாதத்தோடு.

“முடிஞ்சுதாப்பா? ரொம்பக் கூசுது.”

“நீ அசைஞ்சுட்ட. கோடு தப்பிடுச்சு. இன்னொரு தடவை வரையணும்.”

“நான் அசையவே இல்லையே!”

அவள் அசையவில்லை. கோடும் தப்பவில்லை. நான் இன்னொரு தாளை விரித்து, அவள் காலை மறுபடி கையில் வாங்கிக்கொண்டேன்.